‘பிரமாதம்’ என்று சொன்ன பிறகு

பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை நாலு பேர் சேர்ந்து கேட்டு முடித்ததும் கூடத்தில் முதலில் விழுகிற சொல் ‘பிரமாதம்’. அடுத்தவர் ‘ஆஹா’ என்பார். மூன்றாமவர், ‘அந்தக் காலத்துல பாடினவங்க பாடினவங்கதான்’ என்பார். அதற்குள் காப்பி வந்துவிடும். நாற்பது நிமிஷம் ஒரு மனுஷர் காம்போதி ராகத்தை அலசிப் பிழிந்திருக்கிறார். அதைப் பற்றி நாம் பேசியது நாற்பது விநாடி.

நான் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதிவு கேட்கிற கூட்டம் பல வருஷமாக நடக்கிறது. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், ஜவுளிக்கடையில் இருக்கிற ஒரு தம்பி, இன்ஜினியரிங் படிக்கிற பெண், இரண்டு மூன்று மாமிகள் என்று வருவார்கள். வாத்தியாரைத் தவிர யாரும் மேடை ஏறியவர்கள் இல்லை. கேட்டதை இன்னொருவரிடம் சொல்வதற்கு மேடை ஏறியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கர்நாடக சங்கீதப் பதிவுகள். அதை வைத்தே சொல்கிறேன்.

எதைப் போடுவது

முழுக் கச்சேரியைப் போடாதீர்கள். மூன்று மணி நேரம் கேட்டவருக்கு ஆரம்பத்து வர்ணத்தில் என்ன நடந்தது என்பது கடைசி மங்களத்துக்குள் மறந்துபோயிருக்கும். ஒரே ஒரு உருப்படி, அதாவது ஒரு பாட்டு, இருபது நிமிஷத்துக்குள் இருந்தால் நல்லது. கூட்டம் புதுசு என்றால் ஒரே உருப்படியை இரண்டு பேர் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பதைத் தாண்டிப் போவது கஷ்டம். இரண்டைக் கேட்டால், ஊமைக்கும் வாய் திறக்கும்.

நான் அடிக்கடி எடுப்பது சியாமா சாஸ்திரியின் பைரவி ராக ஸ்வரஜதி. மிச்ர சாபு தாளம். அதன் சரணங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்கும்: முதலாவது ஷட்ஜம், அடுத்தது ரிஷபம், பிறகு காந்தாரம், இப்படியே ஏறிக்கொண்டே போய் எட்டாவது மேல் ஷட்ஜத்தில் நிற்கும். பைரவி என்றால் என்னவென்றே தெரியாதவருக்கும் பாட்டு ஏறிக்கொண்டிருப்பது காதில் விழும். நிதானமாகப் பாடிய ஒரு பதிவையும் கொஞ்சம் துரிதமாகப் பாடிய ஒன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ‘முதலாமவர் ஏறுகிறார் என்பதே ஐந்தாவது சரணத்தில்தான் எனக்குத் தெரிந்தது, இரண்டாமவர் ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்’ என்று பொன்மலைக்காரர் ஒரு தடவை சொன்னார். அவருக்குச் சங்கீதப் பயிற்சி கிடையாது. இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

போடுவதற்கு முன்

நாலு விவரம் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாடியவர் யார், பக்கவாத்தியம் யார், எந்த வருஷம் எந்த ஊர் என்பது நிச்சயமாகத் தெரிந்தால் அது, பதிவு எதிலிருந்து வந்தது. வயலின்காரர் பெயரைச் சொல்லாமல் ஆரம்பிப்பதை எங்கள் வாத்தியார் பொறுக்கமாட்டார். ‘பாதி ஆலாபனை அவர் வாசிக்கிறார், பேர் மட்டும் கிடையாதா?’ என்பார். நியாயம்தான்.

முன்கூட்டிப் புகழாதீர்கள். ‘நிரவல்ல ஒரு இடம் வரும் பாருங்க, உருகிடுவீங்க’ என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டு மற்றதைக் கோட்டை விடுவார்கள். உருகாதவர் தனக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

கோப்பின் பெயரில் இருக்கிற ராகத்தையும் வருஷத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். யாரோ யாருக்கோ அவசரத்தில் எழுதிக்கொடுத்தது அது. மாஞ்சி என்று போட்டிருக்கும், பைரவி வரும்.

வேகத்தைப் பார்த்துவிடுவது இன்னும் முக்கியம். ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் இருந்ததைக் கணினிக்கு மாற்றும்போது மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கும், அல்லது முதலில் பதிவு செய்த கருவியே மெதுவாக ஓடியிருக்கும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். சுருதிப்பெட்டியை வைத்து அதே காலத்தில் அதே வித்வான் பாடிய இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயசாக ஆகச் சுருதியைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு, அதனால் காலம் ஒத்துப்போக வேண்டும். வானொலிப் பதிவாக இருந்தால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஆரம்பத்தில் அறிவிப்பாளர் பேசுவதை வெட்டாமல் கேளுங்கள். மனிதர் பேசுகிற வேகம் நம் காதுக்குப் பழகியது. அவர் படபடவென்று பேசினால் பாட்டும் படபடக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச்சைக் கேட்டவள் சொல்கிறேன், இது தப்பாது. இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு ‘என்ன இளமையான குரல், என்ன துரிதம்!’ என்று நாம் கொண்டாடுவது பாடினவரை அல்ல, டேப் ரெக்கார்டரை.

கேட்கும்போது

பேசாதீர்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிக்கக் கேட்க ஜாம்பவான்கள் எல்லாம் வந்து உட்காருவார்களாம். சின்னச் சத்தமும் அங்கே கூடாது. எங்கள் வீட்டில் அவ்வளவு கண்டிப்பு செல்லாது, குக்கர் கத்தும், தெருவில் ஆட்டோ போகும். ஆனாலும் ‘பாருங்க பாருங்க, இப்ப’ என்று விரலை நீட்டுகிறவரை நான் முறைப்பேன். தாளம் போடலாம், தொடை அதிராமல்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு மிருதங்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வலது பக்கமான வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்கும். இடது பக்கமான தொப்பியும் அதில் கும்கி என்கிற கனத்த நாதம் வருகிற இடமும் இருக்கிற இடமே தெரியாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும்.

ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது காதைப் பிடித்து இழுத்தால் நிமிஷம், விநாடி, ஒரே ஒரு சொல். வாக்கியம் எழுத உட்கார்ந்தால் அடுத்த ஆவர்த்தனம், தாளத்தின் அடுத்த சுற்று, போய்விடும். ‘7:15 வயலின்’, ‘11:02 நின்றார்’, ‘14 சிரிப்பு’ என்ற அளவில் போதும். பதினாலாவது நிமிஷத்தில் யார் ஏன் சிரித்தார்கள் என்பது பிறகு போட்டுக் கேட்கும்போது தெரியும்.

யார் முதலில் பேசுவது

எங்கள் கூட்டத்தில் புதிதாக வந்தவர்தான் முதலில் பேசுவார். வாத்தியார் கடைசி. இதை அவரே விரும்பிக் கேட்டார் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒப்புக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தாங்கள் கேட்டதை மறந்துவிட்டு அவர் கேட்டதையே கேட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இன்ஜினியரிங் பெண் முதல் தடவை வந்தபோது ஒரு கல்யாணி ஆலாபனை போட்டிருந்தேன்.

“எனக்கு ராகமெல்லாம் தெரியாது ஆன்ட்டி. நல்லா இருந்துச்சு.”

“ராகத்தை யாரு கேட்டா? எந்த இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தே?”

காகிதத்தைப் பார்த்தாள். “வயலின் வாசிக்கிற இடம். அவர் பாடினதை அப்படியே வாசிப்பார்னு நினைச்சேன். வாசிக்கல. அவர் முடிச்ச கடைசித் துண்டை மட்டும் எடுத்துக்கிட்டு வேற எங்கேயோ போயிட்டாரு.”

“போட்டுக் காட்டு.”

பத்து விநாடி முன்னால் தள்ளிப் போட்டோம். மறுபடி போட்டோம். மூன்றாவது தடவை மாமி ஒருவர், ‘அட, ஆமாம்’ என்றார். அதுவரை அந்த இடம் யார் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகுதான் வாத்தியார், பாடகர் விட்ட பிடியிலிருந்து வயலின் எப்படித் தொடர்கிறது, அப்படியே நகல் எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினார். அந்த விளக்கத்துக்கு அப்போது ஒரு இடம் இருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் அது பாடம்.

வரிசை இதுதான்: எந்த இடம் என்று காட்டுங்கள், அங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பிறகு அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ‘கண்ல தண்ணி வந்துடுச்சு’ என்றால் நாங்கள் தலையாட்டலாம், வேறென்ன செய்வது? எந்த இடத்தில் வந்தது என்று சொன்னால் நாங்களும் அங்கே போய் நின்று பார்ப்போம். எங்களுக்கு வராமல் போகலாம், அதையும் பேசலாம்.

எந்தச் சொல்லைப் போடுவது

நம்மிடம் தயார்ச் சொற்கள் நிறைய இருக்கின்றன. பாவம், அழுத்தம், கனம், சௌக்கியம், விறுவிறுப்பு. இவற்றை ஒதுக்க வேண்டாம், பரம்பரையாகப் புழங்கியவை. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. ‘விறுவிறுப்பாக இருந்தது’ என்றால் எது? எடுத்துக்கொண்ட காலப்பிரமாணமே துரிதமா? பாட்டு நிதானமாக இருக்க ஸ்வரங்கள் நெருங்கி வந்தனவா? மிருதங்கம் உந்தித் தள்ளியதா? பாடகர் மதுரை மணி ஐயரின் ஸ்வரங்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் வேகம் பல இடங்களில் நடுத்தரம்தான். பெரிய கணக்கில் முட்டிக்கொள்ளாமல் சர்வலகுவாக, தாளத்தின் மேலேயே ஸ்வரங்கள் ஓடுவதால் நமக்கு ஆள் பறக்கிற மாதிரி இருக்கிறது. ‘வேகம்’ என்று சொல்லி விட்டுவிட்டால் அவர் செய்தது என்ன என்பது கைநழுவிப் போகும்.

சாஸ்திரச் சொல் தெரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காம்போதி கேட்டுக்கொண்டிருந்தபோது ஜவுளிக்கடைத் தம்பி, ‘அக்கா, ஒரு இடத்துல மட்டும் இந்த வீட்டு ஆளு இல்லாத ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி இருக்கு’ என்றான். போட்டுக் காட்டினான். ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடி, அதாவது ஸ்வரக் கோவை. காம்போதிக்கு உரியது கைசிகி நிஷாதம், தாழ்ந்த ‘நி’. அந்தப் பிடியில் மட்டும் உயர்ந்த ‘நி’யான காகலி நிஷாதம் வரும், அந்நிய ஸ்வரம். வாத்தியார் பேரைச் சொன்னார். தம்பி முதலில் கேட்டான், பெயர் பிறகு வந்தது. இனி எந்தக் காம்போதியிலும் அதை அவன் விடமாட்டான். பெயரை முதலில் கற்றுக்கொண்டவர்களில் பலர் அந்த இடத்தைத் தாண்டும்போது அசைவதே இல்லை.

அதே தம்பிதான் இன்னொரு நாள் மிருதங்கத்தைப் பற்றி, ‘பாட்டு வரி முடியுற இடத்துலயெல்லாம் அவர் வாசிக்காம கைய எடுத்துடறாரு’ என்றான். வாசித்ததைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வாசிக்காமல் விட்டதைக் கேட்க வேறு காது வேண்டும். வாத்தியார் அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை, இரண்டாவது காப்பி மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பதிவு என்ன செய்திருக்கிறது

பதிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. வித்வான் செய்தது எது, கருவி செய்தது எது என்று பிரிக்காமல் இரண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான் கிடைக்கும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், முடிந்தால் நாலு ஆவர்த்தனம் ஸ்வரம். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற சங்கதிகளைக் குறைத்திருப்பார்கள், வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு ‘அப்பல்லாம் வளவளன்னு வளர்த்தாம பாடினாங்க’ என்பது அபத்தம். அதே வித்வான்கள் ராத்திரி முழுக்கத் திருவிழாக்களில் பாடியும் வாசித்தும் இருக்கிறார்கள். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைத் தட்டில் கேட்கிறவர், கோயில் வீதியில் மணிக்கணக்கில் அவர் வாசித்த தோடியின் ஒரு நறுக்கைக் கேட்கிறார். இதை மனசில் வைத்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடும்: மூன்று நிமிஷம்தான் உண்டு என்றபோது அவர் எதை விடவில்லை? தட்டைப் பற்றிப் பேச இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

பிறகு வந்த எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிஷம். பெரும்பாலும் ஸ்டூடியோவில், எதிரே ரசிகர் இல்லாமல். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் சுருங்கியிருக்கும் அல்லது காணவே காணாது. ஆனால் சுத்தம் உண்டு. பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர். நான்சச் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட தட்டுகளில் அவர் குரலின் மெல்லிய வளைவெல்லாம் தெளிவாக விழுகிறது. அவருடைய சபாக் கச்சேரிப் பதிவை அதன் பக்கத்தில் வைத்தால் ஒலி மங்கலாக இருக்கும், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பாடுகிற சூடு வேறு. எது உசத்தி என்று சண்டை வேண்டாம். எதில் எது கேட்கிறது என்று சொல்லுங்கள்.

வானொலிக் கச்சேரிக்குக் கடிகாரம் எஜமானன். 1952-ல் அகில இந்திய வானொலி தொடங்கிய தேசிய நிகழ்ச்சியானாலும் சரி, உள்ளூர் நிலையத்துக் காலைக் கச்சேரியானாலும் சரி, குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். கடைசி ஸ்வரங்கள் அவசரமாக வந்தால் பாடகர் சுவரைப் பார்த்திருப்பார்.

வீட்டுக் கேசட்டுகளுக்குத் தனி வியாதி. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பதுதான். என்னிடம் இருக்கிற ஒரு தோடி ஆலாபனை மேல் ஸ்தாயியைத் தொடப் போகிற இடத்தில் டப்பென்று முடிந்து, மறுபக்கத்தில் வயலினோடு ஆரம்பிக்கிறது. அந்தத் தோடியின் உச்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

மைக்கையும் மறக்க வேண்டாம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். அவர் இடது கையின் நாதம் பழைய வானொலிப் பதிவில் பாதிகூட நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. பதிவில் கேட்காததை ‘அவர் வாசிக்கவில்லை’ என்று எழுதுவது அநியாயம். ‘இந்தப் பதிவில் கேட்கவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டின் கிரகிரப்பைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். மழை நாளில் ராமநாதபுரத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், முதல் ஒரு நிமிஷம் இரைச்சல்தான் கேட்கும், பிறகு காது அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். தட்டுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள். கணினியில் இரைச்சலைத் துடைத்துச் சுத்தம் செய்த பதிவு கிடைத்தால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அழுத்தித் துடைத்த பதிவில் தம்புராவின் ரீங்காரமும், ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்தின் வாலும் சேர்ந்து போயிருக்கும். துடைக்காததும் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்வது

பெரிய பெயர்களைப் பற்றி நம் ஊரில் இது கஷ்டம். எங்கள் கூட்டத்தில் எம்.டி. ராமநாதன் பதிவு போட்டால் இரண்டு கட்சி. டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். ஒரு கட்டைக்கும் கீழே சுருதி, யாரும் எடுக்காத விளம்பம், அத்தனை நிதானம். மாமி ஒருவர் கண்ணை மூடினால் மங்களம் வரை திறக்கமாட்டார். பொன்மலைக்காரர், ‘தூக்கம் வருதுங்க’ என்பார். வருஷக்கணக்காக இந்த இரண்டு வசனங்கள்தான் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் பல்லவி வரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பொன்மலைக்காரரைத் தாளம் போடச் சொன்னேன். எங்கே பாடுகிறார், எங்கே பாடாமல் விடுகிறார் என்று மட்டும் பாருங்கள், நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டாம் என்றேன். நாலைந்து ஆவர்த்தனம் போட்டுவிட்டு, ‘ஒரு சொல்லைச் சொல்லிட்டு, அதோட கார்வை அடங்குற வரைக்கும் அடுத்ததைத் தொடமாட்டேங்கறாரு. எனக்கு அந்தக் காத்திருப்பு தாங்கல’ என்றார். மாமி கண்ணைத் திறந்து, ‘அதேதான். அந்தக் காத்திருப்புக்காகத்தான் நான் கேக்கறேன்’ என்றார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். பொன்மலைக்காரருக்கு இன்றைக்கும் எம்.டி.ஆர். பிடிக்காது. ஆனால் இப்போது அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மாமிக்குக் கோபம் வருவதில்லை, புதுசாக வருபவருக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிகிறது.

வயசான காலத்துப் பதிவுகளில் குரலையும் சங்கீதத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-ல் பிறந்து 2003 வரை இருந்தவர். வழவழப்பான குரல் என்று அவருடைய பக்தர்கள்கூடச் சொன்னதில்லை. ‘மேல் ஸ்தாயியில் குரல் ஒத்துழைக்கவில்லை’ என்பது ஒரு செய்தி. ‘கற்பனை வற்றிவிட்டது’ என்பது முற்றிலும் வேறு குற்றச்சாட்டு. முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்கிறவர்கள் அதிகம்.

பேச்சைத் திசை திருப்புபவை

‘நான் நேர்லயே கேட்டிருக்கேன்’ என்கிற பெரியவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர் நினைவுக்கு மரியாதை கொடுங்கள், நேரம் கொடுங்கள், ஆனால் பேச்சு முடியும்போது கொடுங்கள். அவர் கேட்ட கச்சேரி இந்தப் பதிவில் இல்லை.

இன்னொன்று, வரலாறு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடிய பதிவைப் போட்டால் அந்த நாளின் பெருமை, காஞ்சிப் பெரியவர் எழுதிய ‘மைத்ரீம் பஜத’, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டு என்று அரைமணி ஓடிவிடும். பாட்டைப் பற்றி ஒரு வாக்கியம் வராது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. எதிரே நம் சங்கீதம் தெரியாத சபை. அதற்காக எந்த உருப்படியை எவ்வளவு நீளம் பாடியிருக்கிறார், எதைச் சுருக்கியிருக்கிறார் என்று கேட்டால் அந்த வரலாறும் உபயோகப்படும்.

ஒரே பாட்டை வழிக்கு வழி வேறாகப் பாடுகிற பாடாந்தரச் சண்டை மூன்றாவது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் ‘நகுமோமு’ தட்டு அந்தக் காலத்தில் வீடு வீடாக ஒலித்தது. அதைப் போட்டால், அதன் ராகமான ஆபேரிக்கு உயர்ந்த ‘த’வான சதுச்ருதி தைவதமா, தீட்சிதர் வழியில் வருகிற தாழ்ந்த ‘த’வான சுத்த தைவதமா என்று யாராவது ஆரம்பிப்பார். சுவாரசியமான விவாதம். ஆனால் முசிறி என்ன தைவதம் பாடுகிறார் என்பது ஒரு விநாடியில் தெரிந்துவிடும். அந்த ஆபேரியை வைத்து அவர் என்ன செய்கிறார் என்பதற்குத்தான் பதிவைப் போட்டோம். நான் இதற்குக் காப்பி நேரத்தை ஒதுக்கியிருக்கிறேன். காப்பி ஆறிப்போவது அவர்கள் பாடு.

எழுதி வைப்பது

அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் வரை அது நிற்காது. என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு: ‘மோகன ஆலாபனை, 6:40. மந்தர பஞ்சமத்தில் கார்வை. அந்த நேரம் பார்த்து வயலின் மேல் பஞ்சமத்தைப் பிடித்தார். நடுவில் யாருமே இல்லை. பாடகர் அதைக் கேட்டுவிட்டு ‘பலே’ என்கிறார், மைக்கில் விழுகிறது.’ இதை வாசிக்கிற எவரும் 6:40-க்குப் போய் நான் சொன்னது சரியா என்று பார்க்கலாம். அதே பதிவுக்கு இன்னொருவர் தன் நோட்டில் ‘தெய்வீகம்’ என்று எழுதியிருந்தார். எந்தப் பதிவு என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

வெளியூர் நண்பருக்கு அனுப்புவதானால் குறிப்போடு முழு உருப்படியையும் அனுப்புங்கள். நமக்குப் பிடித்த அரை நிமிஷத்தை மட்டும் நறுக்கி அனுப்பினால், அது எங்கிருந்து வந்து நின்றது என்று அவருக்குத் தெரியாது, உங்கள் அரை நிமிஷம் அவருக்கு வெறும் அரை நிமிஷம். பதிவு எந்த வழியில் உங்களிடம் வந்தது என்பதையும் எழுதுங்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பதிவு செய்தது என்றால் அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது மரியாதை. கேசட்டை இரவல் வாங்கினால் பெட்டிக்குள் இருக்கிற அட்டையோடு, முதல் பக்கத்துக்குச் சுற்றி வைத்துத் திருப்பிக் கொடுங்கள். என்னுடைய பாதிச் சஹானா ஒன்று தில்லைநகரில் யார் வீட்டிலோ இன்னும் இருக்கிறது.